ரெண்டு பேரையும் பிடிக்காத தேர்தலில் ஓட்டுப் போட்ட கதை

"ரெண்டு பேரையும் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. பேசாம வீட்லயே இருந்துடலாமான்னு தோணுது." அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் வருகிற ஒவ்வொரு அக்டோபரிலும், புதிதாகக் குடியுரிமை வாங்கிய யாராவது ஒருவர் என்னிடம் இதைச் சொல்லிவிடுகிறார். 2016-இல் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கத்தான் ஆள் இல்லை. வீட்டில் ஓட்டு எனக்கு ஒருத்திக்குத்தான். கணவருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனசு வரவில்லை, கிரீன் கார்டோடு நின்றுவிட்டார். "உனக்குத்தானே ஓட்டு, நீயே பார்த்துக்கோ" என்று ஒதுங்கியும் கொண்டார். திருச்சியில் அப்பா அம்மாவுக்கு அந்த வருஷம் மே மாதம் சட்டசபைத் தேர்தல், செப்டம்பரிலிருந்து ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் இருந்த கவலை. என் டிரம்ப்-ஹிலாரி புலம்பலுக்கு அவர்களுக்கு ஏது நேரம்? அதனால் அந்த வருஷம் நான் தனியாக முட்டிமோதித் தெரிந்துகொண்டதையெல்லாம் இங்கே கொட்டிவிடுகிறேன். யாருக்குப் போட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் அந்த வரியோடு எழுந்து போய்விடுவீர்கள்.

எங்கள் ஊர் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்டுக்கு வடமேற்கே ஓக்லாண்ட் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. 2015 கடைசியில் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம் போட்டேன், அப்போது கட்டணம் 680 டாலர். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில், கவுன்டரில் இருந்த பெண் முகவரியைத் தட்டிக்கொண்டே, "வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷனும் சேர்த்துப் போட்டுடலாமா?" என்று சாவகாசமாகக் கேட்டார். காப்பி வேணுமா என்று கேட்பது மாதிரி. கிரீன் கார்டு வைத்திருப்பவர் அதற்குத் தலையாட்டி ஒரு கையெழுத்துப் போட்டால் போச்சு. குடியுரிமை இல்லாமல் பட்டியலில் பெயர் ஏறுவதும் ஓட்டுப் போடுவதும் நாடு கடத்துகிற அளவுக்குப் போகக்கூடிய விஷயம். என்-400 படிவத்திலேயே "எப்போதாவது பெயர் பதிவு செய்தாயா, ஓட்டுப் போட்டாயா" என்று கேட்கிறார்கள். "எனக்குத் தெரியாது, அவங்கதான் கேட்டாங்க" என்று அப்புறம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கிரீன் கார்டிலும் எச்1பி வேலை விசாவிலும் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும், பதினெட்டு வயதான பிள்ளைகளுக்கும் இதை உட்கார வைத்துச் சொல்லிவையுங்கள். கேட்டவர் எவ்வளவு சிரித்த முகமாகக் கேட்டாலும் பதில் "இல்லை"தான்.

ஒவ்வொரு கட்சிக்கும் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்கிற முதல் சுற்றுத் தேர்தலுக்குப் பிரைமரி என்று பெயர். மிச்சிகனில் அது 2016 மார்ச் 8-ஆம் தேதி. என் உறுதிமொழி நாள் வந்ததோ கோடை தொடங்கிய பிறகு, டெட்ராய்டு ஃபெடரல் கோர்ட்டில். அதாவது நான் ஓட்டுரிமையோடு வெளியே வந்தபோது கடையில் ரெண்டே ரெண்டு சரக்குதான் மிச்சம். எனக்கு இது ரொம்ப நாள் ஆறவில்லை. ஜனநாயகக் கட்சிப் பக்கம், மிச்சிகனில் கருத்துக்கணிப்புகளில் இருபது சதவீதம் பின்தங்கியிருந்த பெர்னி சாண்டர்ஸ், ஹிலாரியைத் தோற்கடித்தார். குடியரசுக் கட்சிப் பக்கம் கேசிக், க்ரூஸ், ரூபியோ என்று ஒரு படையே நின்றது. மனசுக்குப் பிடித்தவரைத் தேட வேண்டிய இடம் அதுதான், நவம்பர் இல்லை. நாடு முழுக்க அந்தப் பிரைமரிகளில் ஓட்டுப் போட்டவர்கள் தகுதியுள்ளவர்களில் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை. மற்ற எழுபது பேரும் நவம்பரில் "இவங்களைவிட்டா வேற ஆளே இல்லையா?" என்று கேட்டார்கள். நானாவது சட்டப்படி உள்ளே போக முடியாதவள்.

இதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மிச்சிகனில் கட்சி சேர்ந்து பதிவு செய்ய வேண்டியதில்லை, பிரைமரி அன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும். பென்சில்வேனியா, ஃபுளோரிடா, நியூயார்க் மாதிரி இடங்களில் அந்தக் கட்சிக்காரராகப் பதிவாகியிருந்தால்தான் பிரைமரியில் ஓட்டு. நியூயார்க்கில் இருந்த என் சித்தி பெண்ணின் கதையைக் கேளுங்கள். 2016 ஏப்ரல் பிரைமரிக்குக் கட்சி மாற வேண்டுமென்றால் 2015 அக்டோபர் 9-ஆம் தேதிக்குள் மாறியிருக்க வேண்டுமாம். ஆறு மாசத்துக்கு முன்னால்! அவளுக்கு அது தெரிய வந்தது மார்ச் மாசம். உங்கள் மாநிலத்தில் என்ன விதி என்பதை ஜனாதிபதி தேர்தலுக்கு முந்தைய வருஷமே பார்த்துவைப்பது நல்லது.

பணம் போன இடத்துக்கு வருகிறேன். ஓட்டு இல்லாத ஆற்றாமையில், அந்தப் பிப்ரவரியில் ஓர் அமைப்புக்கு ஆன்லைனில் 25 டாலர் கொடுத்தேன். கிரீன் கார்டு இருந்தால் நன்கொடை கொடுக்கலாம், ஓட்டுதான் கூடாது. அது வேட்பாளரின் சொந்தக் குழு இல்லை, அவர் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டுகிற தனி அமைப்பு. பணம் கட்டுகிற பக்கத்தின் அடியில் "மாதாமாதம்" என்கிற கட்டத்தில் அவர்களே டிக் போட்டுவைத்திருந்தார்கள். எழுத்து எறும்பு சைஸ். அந்த வேட்பாளர் போட்டியிலிருந்து விலகிய பிறகும் என் கார்டிலிருந்து 25 டாலர் போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக் கணக்கைப் புரட்டியபோது செப்டம்பரில் கண்ணில் பட்டது, மொத்தம் 200 டாலர். பேங்கில் கேட்டால், "நீங்க அனுமதி கொடுத்திருக்கீங்க, இனிமே போறதை நிறுத்தலாம், போனது போனதுதான்" என்றார்கள். அன்று ராத்திரி எனக்கு வந்த கோபத்தில் எந்த வேட்பாளர் எதிரே வந்திருந்தாலும் கடித்திருப்பேன். இப்போதெல்லாம் அரசியல் நன்கொடை என்றால் பேங்க் தருகிற ஒருமுறைக்கான கார்டு எண்ணைத்தான் போடுகிறேன். மின்னஞ்சலும் தனி, போன் நம்பர் கொடுப்பதே இல்லை. இன்னொன்றும் உண்டு. ஒரே வேட்பாளருக்கு அந்தத் தேர்தல் சுற்றில் 200 டாலருக்கு மேல் போனால், உங்கள் பெயரும் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பதும் தேர்தல் கமிஷன் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கிற மாதிரி ஏறிவிடும். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரும் பார்க்கலாம்.

உறுதிமொழி எடுத்த கோர்ட் வாசலிலேயே தன்னார்வலர்கள் பதிவுப் படிவத்தோடு நின்றார்கள். சர்டிபிகேட் கையில் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சில வாரம் கழித்து வாக்காளர் அட்டை வந்தது, பிரித்துப் பார்த்தால் அப்பா பெயர் முதல் பெயராகவும் என் பெயர் கடைசிப் பெயராகவும் தலைகீழாகக் கிடந்தது. இனிஷியல் வைத்து வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன? ஆனால் லைசென்ஸில் ஒரு வரிசை, ஓட்டுப் பட்டியலில் இன்னொரு வரிசை என்றால் சாவடியில் தேடும்போது ஆள் கிடைக்க மாட்டாள். போனில் சொன்னேன், திருத்திவிடுகிறோம் என்றார்கள். மாநிலத் தளத்தில் போய்ப் பார்த்தால் மாறவே இல்லை. அக்டோபர் 11 பதிவுக்குக் கடைசி நாள், அந்த வருஷம் அன்றைக்குத்தான் விஜயதசமி. நல்ல காரியம் தொடங்குகிற நாளாயிற்றே என்று நானே சிரித்துக்கொண்டு, வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, சர்டிபிகேட்டும் லைசென்ஸுமாக நேரே ஓட்டுப் பட்டியலைக் கவனிக்கிற ஊர் கிளர்க் ஆபீஸுக்குப் போய் நின்றேன். அந்தம்மா என் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டித் திருத்திக் கொடுத்தார். நான் கான்ட்ராக்டில் மணிக்கணக்குச் சம்பளக்காரி, ஆபீஸில் இல்லாத மணிக்குக் காசு இல்லை. அட்டை வந்த அன்றே பெயரின் வரிசையையும் ஸ்பெல்லிங்கையும் பாருங்கள். போனில் "ஆச்சு" என்று சொன்னாலும் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டே நம்புங்கள்.

அந்த அக்டோபரை நினைத்தால் இன்றும் தொண்டையில் சுண்டல் சிக்குகிறது. 7-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, நவராத்திரிக்கு நடுவில், டிரம்ப் பெண்களைப் பற்றிப் பேசிய பழைய டேப் வெளியானது. மறுநாள் கொலுவுக்குப் போன வீடுகளில் எல்லாம் அதே பேச்சு. பாட்டு ஒரு பக்கம், ஹாலில் ஆண்கள் சண்டை ஒரு பக்கம். ஹிலாரியின் மின்னஞ்சல் சர்வர், வால் ஸ்ட்ரீட்டில் காசு வாங்கிக்கொண்டு பேசியது, இராக் போருக்கு 2002-இல் போட்ட ஓட்டு என்று ஒரு கட்சி. முஸ்லிம்களை நாட்டுக்குள் விடக் கூடாது என்றது, இந்த டேப் என்று எதிர்க்கட்சி. என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு காரில் ஏறியதும், "அவர் சொன்னது என்னம்மா?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்ல? தீபாவளிக்கு முந்தின நாள், அக்டோபர் 28, எஃப்பிஐ தலைவர் கோமி ஹிலாரியின் மின்னஞ்சல் விவகாரத்தைத் திரும்பக் கிளப்பிக் கடிதம் எழுதினார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருவர் அன்றோடு வெளியேறினார்கள், இத்தனை வருஷமாகியும் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவதில்லை. இரண்டு பேரையும் பிடிக்காதவள் இந்த இடத்தில் வாயைத் திறந்தால், இரண்டு பக்கமும் அவளை எதிராளியாகத்தான் பார்க்கும். "அப்போ நீ அந்தப் பக்கமா?" என்பார்கள். நான் ஒரே வாரத்தில் இரண்டு பட்டமும் வாங்கினேன். குழுவை ஊமையாக்கிவிட்டு, தேர்தல் முடிகிறவரை சமையல் குறிப்பு தவிர எதையும் பகிரவில்லை. இதை இன்றும் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன்.

இது என் மனப்பிரமை மட்டும் இல்லை. தேர்தலுக்கு முன் கேலப் நிறுவனம் எடுத்த கடைசிக் கருத்துக்கணிப்பில் டிரம்ப்பைப் பிடிக்காதவர்கள் 61 சதவீதம், ஹிலாரியைப் பிடிக்காதவர்கள் 52 சதவீதம். அந்த நிறுவனம் இதைக் கணக்கெடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு ஜோடி வந்ததில்லை. நம்மூரில் 2013-இலிருந்து நோட்டா பட்டன் இருக்கிறதே, இங்கேயும் ஏதாவது இருக்கும் என்று தேடினேன். மிச்சிகனில் கிடையாது. நெவாடா ஒன்றில்தான் "இவர்களில் எவரும் இல்லை" என்று ஒரு வரி, 1970-களிலிருந்தே உண்டு. அங்கேயும் அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயித்தவர். 2016-இல் நெவாடாவில் அந்த வரிக்கு விழுந்தது 28,863, ஹிலாரி அங்கே ஜெயித்த வித்தியாசமோ 27,202. மிச்சிகனில் கோபத்தில் "மிக்கி மவுஸ்" என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு, அதை எண்ணவே மாட்டார்கள். முன்கூட்டியே மனு கொடுத்தவருடைய பெயரைக் கையால் எழுதினால்தான் கணக்கில் சேரும்.

எனக்குத் தெளிவு வந்தது மூன்றாவது கட்சியைப் பற்றிப் படித்தபோதுதான். எங்கள் சீட்டில் ஜனாதிபதி வரியில் மொத்தம் ஆறு பெயர். லிபர்டேரியன் கேரி ஜான்சனும் கிரீன் கட்சி ஜில் ஸ்டைனும் அதில் இருந்தார்கள். கலிபோர்னியா மாதிரி முடிவு முன்பே தெரிந்த மாநிலத்தில் இருந்திருந்தால் யோசிக்காமல் அவர்களில் ஒருவருக்குப் போட்டிருப்பேன். அங்கே அது ஒரு செய்தி, விளைவு எதுவும் இல்லை. ஜனாதிபதியை முடிவு செய்வது மாநிலத்துக்கு இத்தனை என்று ஒதுக்கிய எலக்டோரல் ஓட்டுகள்தான். அப்போது மிச்சிகனுக்கு இருந்த 16-உம், ஒரு ஓட்டு அதிகம் வாங்குகிறவருக்கே மொத்தமாகப் போகும். கடைசி நாளில் டிரம்ப், ஹிலாரி இருவரும் கிராண்ட் ராபிட்ஸ் பக்கம், ஒபாமா ஆன் ஆர்பரில். இந்த மாநிலத்தில் என் கோபத்துக்கு விலை உண்டு என்பது அவர்கள் ஓடி வந்த ஓட்டத்திலேயே தெரிந்தது. அதனால் "பிடிக்கலை, என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறவரிடம் நான் முதலில் கேட்பது, எந்த மாநிலம் என்றுதான்.

அப்புறம் நான் ஆளைப் பார்ப்பதையே நிறுத்தினேன். ஒரு ஜனாதிபதியோடு ஏறக்குறைய நாலாயிரம் நியமனங்கள் உள்ளே வருகின்றன. பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது, ஒபாமா அதற்கு முன்மொழிந்த கார்லண்டை செனட் விசாரிக்கக்கூட மறுத்துவிட்டது. வருகிறவர்தான் அதை நிரப்பப் போகிறார். ஒரு தாளில் என் வாழ்க்கையைத் தொடுகிற சங்கதிகளை எழுதினேன். கான்ட்ராக்ட் வேலை போனால் பழைய வியாதியைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் மறுக்கக் கூடாது. எச்1பி-யில் இருக்கும் தம்பியின் கிரீன் கார்டு வரிசை. என் வேலையே கார் உதிரிபாகக் கம்பெனியில் என்பதால் மெக்சிகோவுக்குப் போகிற தொழிற்சாலைகள். கோர்ட். இவை ஒவ்வொன்றுக்கும் எதிரே, யார் வந்தால் எந்த மாதிரி ஆட்களை அந்தப் பொறுப்பில் வைப்பார்கள் என்று தேடித் தேடி எழுதினேன். எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை. ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் பலமாக இழுத்தது, அந்த இழுப்பு இன்றும் இருக்கிறது. ஆனால் "இவரைப் போய் எப்படி" என்கிற அருவருப்பு அடங்கிவிட்டது. ஓட்டு என்பது கல்யாண சம்பந்தம் இல்லையே, பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு. நாலு வருஷத்துக்கு ஒரு நிர்வாகத்தை வேலைக்கு வைக்கிறோம். அதை மட்டும் யோசித்தபோதுதான் தூக்கம் வந்தது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம், மாதிரி வாக்குச்சீட்டில் இருந்தது. மாநிலத் தளத்தில் நம் முகவரியைப் போட்டால் நமக்கு வரப்போகிற சீட்டை அப்படியே காட்டும். ஜனாதிபதி என்பது அதில் ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே காங்கிரஸ், மாநில சட்டசபை, மாநிலக் கல்வி வாரியம், மூன்று பெரிய பல்கலைக்கழகங்களின் நிர்வாகக் குழு, ஷெரிஃப், தண்ணீர்-சாக்கடைக்கு ஓர் அதிகாரி. சாக்கடைக்கு ஓட்டா என்று முதலில் சிரித்தேன். பக்கத்து ஊரான ஃபிளின்ட்டில் 2014-இல் தண்ணீரை மாற்றிக் குழந்தைகளுக்கு ஈயம் குடிக்கக் கொடுத்தவர்களை நினைத்ததும் சிரிப்பு நின்றது. சீட்டைத் திருப்பினால் பின்பக்கம் கட்சி சாராத பகுதி: மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள், பள்ளி வாரியம். மிச்சிகனில் ஒரே மார்க்கில் ஒரு கட்சிக்கு மொத்தமாகப் போடுகிற வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்புகிறவர்கள் இந்தப் பின்பக்கத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். கட்சி மார்க் நீதிபதிகளுக்கும் பள்ளி வாரியத்துக்கும் பொது வாக்கெடுப்புக்கும் போகாது. 2018 ஜனவரியில், ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்த டாக்டர் நாசர் விவகாரத்தில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகியபோது, அந்த நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுத்த வரிகளை எத்தனை பேர் படித்துப் பார்த்திருப்போம் என்று நினைத்தேன்.

பின்பக்கத்தின் அடியில் இருந்ததுதான் எனக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது. டெட்ராய்டைச் சுற்றிய நாலு கவுண்டிகளுக்கும் சேர்த்துப் பொதுப் போக்குவரத்துக்கு 20 வருஷ வரி, 1.2 மில், அதாவது ஆயிரத்துக்கு 1.2 டாலர். வரிக்குரிய மதிப்பு ஒரு லட்சம் டாலர் உள்ள வீட்டுக்கு வருஷம் 120 டாலர். எங்கள் ஊரில் பஸ்ஸே கிடையாது. மாமியார் ஆறு மாதம் வந்து தங்கினால், யாராவது காரில் ஏற்றிப் போனால்தான் கோயிலும் கடையும். ஜனாதிபதிக்காக நான் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இதற்கு யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. அப்போது மிச்சிகனில் காரணம் இல்லாமல் தபால் ஓட்டுப் போட முடியாது. அறுபது வயது, ஊரில் இல்லாமை, உடல்நிலை என்று ஏதாவது சொல்ல வேண்டும். ஓட்டுப் போட லீவு கொடுக்க வேண்டும் என்ற சட்டமும் இங்கே இல்லை. எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன், வரிசை கார் நிறுத்துமிடம் வரை வளைந்திருந்தது. என் கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் மேலிருந்து கீழ்வரை எந்த வரியில் யார் என்று தமிழில் எழுதியிருந்தேன். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது என்பது கூடுதல் சௌகரியம். அப்போது உள்ளே போனை எடுக்கக் கூடாது, காகிதக் குறிப்பு கொண்டுபோகலாம். கட்சிப் பெயர் போட்ட தொப்பி, டீ-ஷர்ட், பட்டன் எதுவும் கூடாது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பத்து மணி வாக்கில், இன்னும் வாசல் வரிசையில் நிற்கும்போதே, போன் விடாமல் அதிர்ந்தது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தால், அம்மா. "ஐநூறு ரூபா, ஆயிரம் ரூபா செல்லாதாம்டீ! பிரதமர் டிவில சொல்லிட்டார். அப்பா பீரோல வச்சிருக்கறதை என்ன பண்றது?" நான் முதல் முறையாக ஓட்டுப் போடப் போகிற நாளில், அம்மாவுக்குப் பால்காரருக்கு நாளைக்கு என்ன கொடுப்பது என்பது கவலை. "ஓட்டுப் போட நிக்கறேன்மா" என்றேன். "எந்த ஓட்டு?" என்று கேட்டார்.

உள்ளே ஒரு விண்ணப்பத்தில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை காட்டினேன். பெயர் சரியான வரிசையில் இருந்தது, விஜயதசமி வீண்போகவில்லை. தடிமனான உறைக்குள் வைத்துச் சீட்டைத் தந்தார்கள். மறைப்புக்குள் நின்று முதல் வரிக்கு வந்ததும் கை தயங்கியது நிஜம். அதை விட்டுவிட்டு, சீட்டைத் திருப்பிப் போக்குவரத்து வரியிலிருந்து ஆரம்பித்தேன். நீதிபதிகள், பள்ளி வாரியம், ஷெரிஃப் என்று மேலே ஏறி, கடைசியில் ஜனாதிபதியை நிரப்பினேன். உங்களுக்கும் முதல் வரியில் கை நின்றால் இப்படிச் செய்து பாருங்கள். வாசலில் ஒருவர் சீட்டின் மேல் இருந்த எண் துண்டைக் கிழித்துக்கொண்டதும், நானே எந்திரத்தில் செலுத்தினேன். ஆபீஸ் போய்ச் சேரும்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது. கிளர்க் ஆபீஸுக்கும் இதற்கும் சேர்த்து 150 டாலருக்கு மேல் சம்பளம் போச்சு.

அன்று ராத்திரி மாநிலம் மாநிலமாக முடிவு வந்தது, எங்கள் மிச்சிகனுடையது வரவில்லை. நவம்பர் 28-ஆம் தேதி மாநிலக் குழு சான்றளித்த பிறகுதான் டிரம்ப் 10,704 ஓட்டில் ஜெயித்தார் என்று உறுதியானது. ஜான்சனுக்கு 1,72,136, ஸ்டைனுக்கு 51,463. ஜனாதிபதி வரியை மட்டும் வெறுமையாக விட்டவர்கள் 75 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் எத்தனை பேர் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் "உன்னாலதான்" என்று அவர்களிடம் சண்டைக்குப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வெறுமையாக விட்டவர்களில் எங்கள் கொலு வட்டத்துத் தோழி ஒருத்தியும் உண்டு. தெரிந்தே, யோசித்தே விட்டாள், இன்றும் அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. அவளோடு எனக்குப் பேச்சு நின்றதில்லை. போக்குவரத்து வரி தோற்றது, நாலு கவுண்டியும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு சதவீத வித்தியாசம். ஜனாதிபதி முடிவைவிட அதுதான் என்னை அழவைத்தது என்றால் சிரிப்பீர்கள். 2022-இல் ஓக்லாண்ட் கவுண்டி தனியாகக் கொண்டுவந்த போக்குவரத்து வரி ஜெயித்தது. இப்போது எங்கள் பக்கம் பஸ் ஓடுகிறது.

விதிகளும் மாறிவிட்டன. 2018 வாக்கெடுப்பில் மிச்சிகன்காரர்கள் காரணம் கேட்காத தபால் ஓட்டையும், தேர்தல் நாளன்றே பதிவு செய்கிற வசதியையும் கொண்டுவந்தார்கள். 2022 வாக்கெடுப்பில் ஒன்பது நாள் முன்கூட்டிய ஓட்டு வந்தது. ஆங்கிலம் படிக்கச் சிரமப்படுகிற பெரியவர்கள் தங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை மறைப்புக்குள்ளேயே துணைக்கு அழைத்துப் போகலாம், வேலை கொடுக்கிற முதலாளியும் யூனியன்காரரும்தான் கூடாது. இது நாடு முழுக்க உள்ள சட்டம், நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது.

2024-இல் மறுபடி அதே கூத்து. முதலில் பைடனா டிரம்ப்பா என்று இரண்டு பேரையும் பிடிக்காதவர்கள், ஜூலையில் பைடன் விலகிக் கமலா ஹாரிஸ் வந்தார், அம்மா வழியில் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் வாட்ஸ்அப் குழுக்கள் மறுபடி கொதித்தன. ஆனால் இந்தத் தடவை பிரைமரியில் நான் உள்ளே இருந்தேன். பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சிச் சீட்டில் "யாருக்கும் உறுதி தரவில்லை" என்ற வரிக்கு மிச்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. எதிர்ப்பைக் காட்ட அது பொருத்தமான மேடை, நவம்பர் கேட்கிற விலையைக் கேட்காத மேடை. நவம்பர் சீட்டில் ராபர்ட் கென்னடி ஜூனியர் பெயரும் இருந்தது. அவர் ஆகஸ்டிலேயே விலகி டிரம்ப்பை ஆதரித்துவிட்டார். பெயரை எடுக்கச் சொல்லிக் கோர்ட்டுக்கும் போனார், எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். விலகினவருக்கு அப்படியும் 26 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு. சீட்டில் பெயர் இருப்பதால் ஆள் போட்டியில் இருக்கிறார் என்று அர்த்தமில்லை, போவதற்கு முன் ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

என் கணவரும் ஒருவழியாகக் குடியுரிமை வாங்கி, அந்த வருஷம்தான் முதல் ஓட்டு. சனிக்கிழமை முன்கூட்டிய ஓட்டுக்குச் சேர்ந்தே போனோம். நான் முடித்து வாசலில் காத்திருக்கிறேன், இவர் வரவில்லை. எட்டிப் பார்த்தால் எந்திரத்தின் அருகே ஊழியரோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஜனாதிபதி வரியில் ஒருவருக்கு நிரப்பி, மனசு மாறி இன்னொருவருக்கும் நிரப்பியிருக்கிறார். எந்திரம் துப்பிவிட்டது. அந்த ஊழியர் முகம் சுளிக்காமல் பழைய சீட்டைச் செல்லாததாக்கிப் புதுச் சீட்டு கொடுத்து, முதலிலிருந்து போடச் சொன்னார். காரில் ஏறியதும் என் மேல் பாய்ந்தார்: "தப்பாப் போட்டா வேற பேப்பர் குடுப்பாங்கன்னு நீ சொல்லவே இல்லையே? அங்க நின்னு வேர்த்துப் போச்சு எனக்கு." சொல்லியிருக்க வேண்டியதுதான். உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.